நாய்க்கென்று வைத்த அரிசி

துரை பங்களாச் சமையல்கட்டில் இருந்த டின்னுக்குள் கையை விட்ட பிறகுதான் மாயாண்டிக்கு அந்தச் சந்தேகம் வந்தது. நாய்க்கென்று வைத்த அரிசியைப் பெண்டாட்டி வாயில் போடலாமா? கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றான். அரிசி குளுகுளுவென்று இருந்தது. வேகாத அரிசியை அவன் விரல்கள் தொட்டு நான்கு மாதமாகிறது.

பெண்டாட்டி பஞ்சாலை அன்று விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். இரண்டு மாதமாக எதிர்பார்த்த சாவுதான். அழுகையெல்லாம் முன்கூட்டியே அழுது தீர்ந்துபோய், வீட்டில் களைப்பு மட்டும் மிச்சம் இருந்தது. குளிப்பாட்ட வெந்நீர் போட்டார்கள், மஞ்சள் அரைத்தார்கள், பாடைக்கு மூங்கில் வெட்ட அனுமதி வாங்கினார்கள். வாய்க்கரிசி என்று வந்தபோதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்டேட் கூலிகளின் லயத்தில் எந்த வீட்டிலும் ஒரு மணி அரிசி கிடையாது.

மலாயாவில் எமர்ஜென்சி வந்த வருஷமே லயத்தைச் சுற்றி முள்வேலி வந்துவிட்டது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு எஸ்டேட்டிலிருந்து சாப்பாடு போகிறது என்று சொல்லி, வேலி போதாமல், நான்கு மாதத்துக்கு முன்னால் வீட்டு அரிசியையும் வாரிக்கொண்டு போனார்கள். இப்போது பொதுக் கொட்டகையில் ஆக்கி வேளாவேளைக்குச் சோறாகத்தான் அளந்து போடுகிறார்கள். சோறு மறுநாள் ஊசிப்போகும், காட்டுக்குப் போய்ச் சேராது என்பது யோசனை. யோசனை நல்ல யோசனைதான். செத்தவர்களுக்கும் ஒரு பிடி அரிசி வேண்டியிருக்கும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

துரை பங்களாவுக்கு அந்தச் சட்டம் இல்லை. அதற்குத் தனி வேலி, தனிக் காவல், மூட்டையாக அரிசி. துரையும் துரைசாணியும் தின்பது என்னவோ ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். அரிசி தின்பது ஹைலாம் சீனச் சமையல்காரரும் பெஸ்ஸியும். பெஸ்ஸி துரையின் நாய். காபிக்கொட்டை நிறத்தில், தொங்கு காதோடு, பதினொரு வயதுக் கிழவி. அவளைக் குளிப்பாட்டி, உண்ணி பிடுங்கி, உலாத்திக் கொண்டுவருகிற வேலையில் மாயாண்டி ஒன்பது வருஷமாக இருக்கிறான். லயத்தில் அவனை மாயாண்டி என்று யாரும் சொல்வதில்லை. நாய்க்கார மாயாண்டிதான்.

சமையல்காரர் வாசலில் வந்து நின்றார். டின்னைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார். மாயாண்டி தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், "பினி சுடா மாத்தி," என்றான். பெண்டாட்டி செத்துவிட்டாள் என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்ல வரவில்லை. கிழவர் திரும்பி நின்று, ஏற்கெனவே கழுவி வைத்த சட்டியை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். அவர் கழுவி முடிப்பதற்குள் மாயாண்டி ஒரு பிடி அரிசியைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்புக் கைலிக்குள் செருகிக்கொண்டான்.

பெஸ்ஸி அவன் காலடியில் வந்து மல்லாந்து படுத்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை, அவளுக்குக் குளியல் நாள். வயிற்றில் வெட்டித் தைத்த தழும்பு, மயிர் முளைக்காமல் வெள்ளையாகத் தெரிந்தது. வழக்கமாக அவன் குனிந்து தடவுவான். இன்று அந்தத் தழும்பைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை. தாண்டிக்கொண்டு நடந்தான்.

ரப்பர் பால்மரங்களுக்கு நடுவே செம்மண் ரோடு இறங்கியது. அரை மைல். அந்த அரை மைலும் அவன் மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலத்தைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தான்.

அந்தச் சாயங்காலத்துக்கு மூன்று மாதம் முன்னால் சிரம்பானிலிருந்து மாட்டு டாக்டர் ஒருவர் வந்திருந்தார். பெஸ்ஸிக்கு ஊசி போட வந்தவர், அவளுடைய வயதைக் கேட்டுவிட்டு, மாயாண்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து மலாயில் பாடம் நடத்தினார். சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுக்காமல் விட்ட பொட்டை நாய்களுக்கு வயதானால் மடியில் கட்டி வருவது அதிகம், அதில் பாதி புற்றாக இருக்கும் என்றார். வாராவாரம் தடவிப் பார்க்கச் சொன்னார். விரல் நுனியால் குத்தக் கூடாது, விரல்களைப் படுக்கவைத்து, ஒவ்வொரு காம்பைச் சுற்றியும் வட்டமாக. சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வெட்டி எடுத்துவிடலாம், நாய் பிழைக்கும். போகிற போக்கில் துரைசாணியின் வெள்ளைப் பூனையைப் பார்த்துவிட்டு, இந்த ஊர் வெயிலில் இதற்குக் காது வெந்து புண்ணாகும், அதுவும் புற்றாகும், நிழலில் வை என்றும் சொல்லிவிட்டுப் போனார். பூனையிடம் யார் சொல்வது? அது வெயிலிலேயே கிடந்து அடுத்த வருஷம் ஒரு காது நுனியைப் பறிகொடுத்தது.

ஆனால் பெஸ்ஸியை மாயாண்டி விடவில்லை. மூன்றாவது மாதம், சோப்பு நுரைக்கு அடியில், அவன் விரலில் ஒன்று உருண்டது. பட்டாணி அளவுதான். ஈரக் கைலியோடு ஓடி, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த துரை முன்னால் போய் நின்றான். முன்னால் ஒரு துப்பாக்கி, பின்னால் ஒரு துப்பாக்கி வைத்துக்கொண்டு காரில் பெஸ்ஸி சிரம்பான் போனாள், கட்டியை வெட்டிக்கொண்டு திரும்பினாள். துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிய கையை அவன் ஒரு மாதம் லயத்தில் காட்டிக்கொண்டு திரிந்தான்.

பஞ்சாலையிடம் பெஸ்ஸி திரும்பிய அன்று சாயங்காலமே சொல்லிப் பீற்றிக்கொண்டான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மகள் நீலாவதி தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"எத்தாப் பெருசு இருந்துச்சு?" என்று கேட்டாள் பஞ்சாலை.

"பட்டாணி அளவு."

"வலிச்சிருக்குமா அதுக்கு?"

"வலிச்சா வாயத் தொறந்து சொல்லப் போவுதா? ஆனா நான் தொட்டப்ப ஒண்ணும் கத்தல."

அவள் கீரைக்கட்டைக் கீழே வைத்தாள். "எதுனால வருதாம்?"

டாக்டர் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் வயதுக்கு வந்த மகள் பக்கத்தில் இருக்கும்போது கர்ப்பப்பை என்று சொல்ல வாய் கூசியது. கொஞ்சம் திருப்பிச் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தான். நாய் சமாச்சாரம்தானே.

"குட்டியே போடாத பொட்டைக்குத்தான் வருமாம்," என்றான்.

பஞ்சாலை, "ஓ," என்றாள். முகம் தெளிந்தது. நாய்க்காக இப்படிக் கவலைப்படுகிறாளே, நல்ல மனசு என்று அவன் அன்றைக்கு நினைத்துக்கொண்டான்.

இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ தடவை அந்தச் சாயங்காலம் அவனுக்கு ஞாபகம் வந்தது. பஞ்சாலையின் மார்பில் புண் உடைந்து, வாடை வீட்டை விட்டு வெளியே போன பிறகு, எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரேசர் வந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே இது மூணு வருஷத்துச் சமாச்சாரம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருஷம் என்று கேட்டதிலிருந்து அவன் மனதுக்குள் ஒரு முள் நின்றது. பஞ்சாலையிடம் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அவளும் சொல்லவில்லை.

லயத்துக்குள் அவன் நுழைந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். மங்கம்மா கொல்லைப்புறத்தில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, பஞ்சாலைக்கு ஐந்து பிரசவமும் பார்த்தவள். ஐந்தில் தங்கியது நீலாவதி மட்டும்தான்.

"அரிசி கெடச்சுதா தம்பி?"

இடுப்பைத் தொட்டுக் காட்டினான். அவள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே போகாமல் நின்றாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது," என்றாள். "நீ அந்த நாய்க் கதையச் சொன்ன மறுநாளு அவ எங்கிட்ட வந்து காட்டுனா. பட்டாணி அளவுதான் இருந்துச்சு. நான் டிரேசருகிட்ட போவோம் வான்னுதான் கூப்பிட்டேன். ஆம்பளகிட்ட எப்படிக்கா காட்டுறதுன்னா. அப்புறம் அவளே சொன்னா, இது அந்தக் கட்டி இல்லக்கா, அது பெறாதவளுக்குத்தான் வருமாம், டாக்டரு சொன்னத அவரு காதால கேட்டுட்டு வந்து சொன்னாரு, நான் அஞ்சு பெத்தவளாச்சேன்னா. எனக்கும் அது சரின்னு பட்டுச்சு தம்பி. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் பத்துப் போட்டோம்."

கொல்லைக் கோழி ஒன்று குளிப்பாட்டிய தண்ணீரில் எதையோ கிளறியது. மாயாண்டி அதை விரட்டினான். மங்கம்மா அவன் ஏதாவது சொல்வான், ஏசவாவது செய்வான் என்று காத்திருந்தாள்.

"மணி என்னக்கா இருக்கும்?" என்று கேட்டான்.

"பன்னெண்டு ஆயிருக்கும்."

"நாலு மணிக்குக் கேட்ட மூடிருவான். சீக்கிரம் ஆவட்டும்."

உள்ளே பஞ்சாலை மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு கிடந்தாள். மேலே கோடிச் சேலை. பூசணி அளவுக்கு வீங்கிக் கிடந்த இடத்தைப் பெண்கள் துணி மடித்து வைத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. உயிரோடு இருந்தபோது அவளும் அப்படித்தான் மறைத்தாள். ஒன்பது வருஷமாக ஒரு நாயின் மயிருக்குள் உண்ணி தேடியவன், பக்கத்தில் படுத்திருந்தவளை ஒருநாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

நீலாவதி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ரெம்பாவ் பக்கத்து எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு பிள்ளைக்குத் தாய். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு முந்தாநாள் லாரியில் வந்தாள். வெளியூரில் தங்கப் போலீஸ் கொடுத்த பாஸ் அவளுக்கு மறுநாள் மத்தியானம்வரைதான். அவளும் அழவில்லை. தாயின் காலில் மொய்க்கும் ஈயை விசிறிக்கொண்டே இருந்தாள்.

வழக்கப்படி பெண்கள் வீட்டிலேயே வாய்க்கரிசி போட்டார்கள். ஆளுக்கு நாலு மணிதான் வந்தது. மீதியை மாயாண்டி திரும்ப முடிந்துகொண்டான். புருஷன் போடுவது குழிமேட்டில், கடைசியாக. குழிமேடு வேலிக்கு வெளியே, காட்டோரம் இருந்தது.

பாடை கிளம்பியது. தப்பு அடிக்க அனுமதி இல்லாததால் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. பெண்களும் கேட்டுவரை கூட வந்தார்கள். கேட்டில் ஸ்பெஷல் போலீஸ் தங்கராஜு நின்றான். கெமாஸ்காரன், ரயில்வே போர்ட்டர் மகன், இருபத்தைந்து வயது இருக்கும். மேலே காவல் கூண்டில் கார்ப்பரல் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராஜு ஒவ்வொரு ஆளாகத் தடவி வெளியே விட்டான். பாடைமேல் கிடந்த பூவை மட்டும் லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, முன்போலச் சரியாக வைத்தான். மாயாண்டியின் முறை வந்தது. தங்கராஜுவின் கை இடுப்புக்கு வந்ததும் நின்றது.

"என்னா மாமா இது?" என்றான் மெதுவாக.

"வாய்க்கரிசிப்பா."

"கேட்டுக்கு அந்தாண்ட ஒரு மணி அரிசி போனாலும் உங்களுக்கு ஜெயிலு, எனக்கும் ஜெயிலு. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே எடுத்துட்டு வந்தீங்களா?"

பஞ்சாலைக்கென்று மாயாண்டி செய்யக்கூடியது இனி இது ஒன்றுதான் இருந்தது. இதையும் விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஜெயில் என்றால் ஜெயில் என்று நின்றான்.

தங்கராஜு கூண்டைப் பார்த்தான். கார்ப்பரல் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"பாடைய பாதி வழியில எறக்கித் திருப்புவீங்கல்ல," என்றான். "இங்கயே எறக்குங்க மாமா. கேட்டுக்கு உள்ளாற. அத்தை வாயில இருக்குறத நான் தடவிப் பாக்கப் போறதில்ல."

பாடையைக் கேட்டுக்கு உள்பக்கம் மண்ணில் இறக்கினார்கள். மாயாண்டி முட்டி போட்டு உட்கார்ந்தான். தாடைக்கட்டின் முடிச்சு அவன் விரலுக்கு அவிழவில்லை. நீலாவதி வந்து குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். குழிமேட்டுக் காரியத்துக்குப் பெண்கள் வருவதில்லை. ஆனால் இது குழிமேடு இல்லை, கேட்டு. அதனால் யாரும் தடுக்கவில்லை. அவன் மூன்று தடவை போட்டான். மூன்றாவது தடவை கைக்குட்டையை அப்படியே கவிழ்த்தான். இந்த வாய்தான் எத்தாப் பெருசு என்று கேட்டது, வலிச்சிருக்குமா என்று கேட்டது. அதற்கு மேல் கேட்கத் தெரியாத வாய். அதற்கு ஒரு தப்பான பதிலைக் கொடுத்துவிட்டு, இப்போது அரிசி கொடுக்கிறான். எழுந்து கைக்குட்டையை உதறித் தங்கராஜுவிடம் காட்டினான். தங்கராஜு பார்க்காமலே, "போங்க மாமா, நேரமாவுது," என்றான்.

மூன்றரைக்கெல்லாம் மண் தள்ளி மூடிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் குழிமேட்டில் பால் தெளித்துவிட்டு வந்ததும் மாயாண்டி கைலியை மாற்றிக்கொண்டான். தீட்டோடு வேலைக்குப் போக வேண்டுமா என்று மங்கம்மா கேட்டாள். நாய்க்கு ஏது தீட்டு என்றான். பிறகு மகளிடம், "நீயும் வா," என்றான்.

"நானா? பங்களாவுக்கா?"

"லாரி வர்றதுக்கு நேரம் கெடக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

அவள் ஒன்றும் புரியாமல் அவன் பின்னால் நடந்தாள். சின்ன வயதில்கூட அவளை அவன் பங்களாவுக்குக் கூட்டிப் போனதில்லை.

பைப்படியில் பெஸ்ஸி காத்திருந்தாள். ஒரு நாள் குளியல் தள்ளிப்போன கோபம் அவளுக்கு இல்லை. தண்ணீரைக் கண்டதும் மல்லாந்து படுத்தாள். மாயாண்டி சோப்புப் போட்டான். வெள்ளைப் பூனை அரைக் காதோடு சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நீலாவதி சற்றுத் தள்ளி, சேலையை முட்டியில் சுருட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். மாயாண்டி இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான். பெற்ற மகளிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது? அவனுக்குத் தெரிந்தது நாயின் வழி ஒன்றுதான்.

"முன்னாடி ஒரு தடவ இதுக்குக் கட்டி வந்துச்சுன்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

"இருக்குப்பா. நான் தல வாரிக்கிட்டு இருந்தேன்."

"குட்டி போடாததுக்குத்தான் வரும்னு சொன்னேன்."

"ஆமா."

"டாக்டரு அப்படிச் சொல்லல. நாந்தான் மாத்திச் சொன்னேன். குட்டி போட்டதுக்கும் வரும். எதுக்கு வேணாலும் வரும்."

நீலாவதி அவனைப் பார்த்தாள். அவன் நாயின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்காது. அதனால தெரியாது," என்றான். "தேடுனாத்தான் தெரியும். வெரல் நுனியால குத்தக் கூடாது. இப்படிப் படுக்க வச்சுக்கணும். லேசா அழுத்தி, வட்டமா. ஒண்ணு விடாம. வாராவாரம் பாக்கணும். சின்னதா இருந்தா வெட்டி எடுத்துரலாம். இது பொழச்சுதுல்ல?"

அவள் எழுந்துபோய் விடுவாளோ என்று அவன் பயந்தான். நேற்று மங்கம்மா யாரிடமெல்லாம் சொன்னாளோ, எவ்வளவு சொன்னாளோ, அவனுக்குத் தெரியாது. பைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நீலாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தாள். கையைத் தண்ணீரில் நனைத்தாள்.

"இன்னொருக்காக் காட்டுங்கப்பா," என்றாள்.

அவன் மறுபடியும் செய்து காட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். அவள் விரல்களைப் படுக்கவைத்து, முதல் காம்பிலிருந்து ஆரம்பித்தாள். மாயாண்டி பெஸ்ஸியின் தலையைப் பிடித்துக்கொண்டு, மகள் கடைசிக் காம்புக்கு வந்து சேரும்வரை சுவரில் இருந்த பூனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.